பிள்ளையின் நிறைக் கணக்கு யாரிடம் இருக்கிறது?

(வெலிமடைப் பகுதித் தோட்டப் பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஆற்றப்பட்ட உரை)



கொழுந்து நிறுக்கும்போது தராசையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். ஒரு கிலோ குறைத்துப் போட்டால் அந்த இடத்திலேயே கேட்கிறோம். ஆனா கிளினிக்கில் நம்ம பிள்ளையை நிறுத்து எழுதுகிற கணக்கு எங்கே போகுது, யார் பார்க்கிறாங்க என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

ஒரு பிள்ளையின் விபரம் இன்று நாலு இடத்தில் கிடக்கிறது. தாயின் கையில் கிளினிக் கொப்பி. மிட்வைப்பிடம் ஒரு பதிவேடு. பிள்ளைக் காம்பராவில் இன்னொன்று. காய்ச்சல் என்று வெலிமடைக்கோ பதுளைக்கோ தூக்கிக்கொண்டு போனால் ஆஸ்பத்திரியில் வேறொரு துண்டு. தாய் வெளிநாடு போய், பிள்ளை பாட்டியோடு வேறு தோட்டத்துக்குப் போகும்போது கொப்பியும் தொலைந்துவிட்டால், ஒன்பதாம் மாத ஊசி போட்டாச்சா இல்லையா என்று சொல்ல ஆளில்லை.

இது சின்ன விஷயமில்லை. 2016ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த குடித்தொகை, சுகாதாரக் கணக்கின்படி, நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் சுமார் 17 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. தோட்டங்களில் அது சுமார் 32. தாயின் இரத்தசோகையா, தண்ணீரா, வயிற்றோட்டமா, சாப்பாடா, எது எவ்வளவு காரணம்? ஒரு தோட்டத்துப் பிள்ளைகளை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. பல தோட்டத்துப் பிள்ளைகளின் விபரத்தைப் பிறப்பிலிருந்து தொடர்ச்சியாக ஒன்று சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். பிரேசில், குவாத்தமாலா, இந்தியா, பிலிப்பைன்ஸ், தென்னாபிரிக்கா ஆகிய ஐந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு வயதில் உயரம் குறைந்த பிள்ளைகள், வளர்ந்தபின் படிப்பிலும் வருமானத்திலும் பின்தங்கியிருந்தார்கள். முதல் இரண்டு வருசம் எவ்வளவு முக்கியம் என்று உலகம் தெரிந்துகொண்டது இப்படித்தான்.

"நம்ம வீட்டு விசயம் ஊரெல்லாம் போகாதா?" என்று நீங்க கேட்பீங்க. கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் திட்டம் போடும்போதே சில காரியங்களை உறுதிப்படுத்த வேண்டும்.

முதலாவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு இலக்கம். ஆராய்ச்சி செய்பவர் கைக்கு இலக்கமும் நிறையும் உயரமும் மட்டும் போகட்டும். பேரும் லயமும் வேறு புத்தகத்தில், வேறு பூட்டுக்குள் இருக்கட்டும்.

இரண்டாவது, யார் பார்க்கலாம் என்ற எல்லை. வைத்தியத்துக்குத் தேவையானது வைத்தியருக்கு. பிள்ளையின் நோய் விபரம் செக்ரோலோடு சேரக்கூடாது.

மூன்றாவது, சம்மதம். தமிழில் விளங்கப்படுத்திய பிறகுதான் கையெழுத்து. வேண்டாம் என்று சொன்ன தாய்க்கும் ஊசியும் திரிபோஷாவும் குறையக்கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சுகாதார விபரத்தையும் பிள்ளைகளின் விபரத்தையும் விசேட கவனத்துக்குரியவை என்று சொல்கிறது.

நாலாவது, பிரதி. 2023 ஆகஸ்டில் அரசாங்கக் கணனிகளை விஷமிகள் தாக்கியபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்களை மீட்க முடியாமல் போனது. அந்த நாட்களுக்கு வேறு பிரதி இருக்கவில்லை. ஒரே பெட்டியில் எல்லாத்தையும் வைத்தால் நமக்கும் அதே கதிதான். கணனி வந்தாலும் கொப்பியை எறிய வேண்டாம்.

ஐந்தாவது, முடிவு நமக்குத் திரும்பி வரவேண்டும். நம்ம பிள்ளைகளை நிறுத்து எழுதியதில் கண்டது என்ன என்று, பிள்ளைக் காம்பராவிலேயே தமிழில் சொல்ல வேண்டும். தண்ணீர்தான் காரணம் என்றால், அந்தக் கணக்கைக் காட்டித் துரையிடமும் பிரதேச சபையிடமும் குழாய் கேட்கலாம்.

ஆகவே அடுத்த கிளினிக் நாளில் கொப்பியை மறக்காமல் கொண்டுபோங்கள். பிள்ளையின் கோடு மேலே போகுதா, படுத்திருக்குதா என்று கேளுங்கள். யாராவது படிவம் நீட்டினால், "இது எதுக்கு, யாருக்குப் போகும், எங்களுக்கு என்ன சொல்வீங்க?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தராசுக்கு முன்னால் நிற்கிற அதே தைரியம் இங்கேயும் வேண்டும்.