அமாராவில் உறங்குவோர்



பல ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் முதல் உலகப் போரைப் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். போர் தொடங்கிய ஆண்டு, முடிந்த ஆண்டு, படைத்தலைவர்களின் பெயர்கள் யாவும் கரும்பலகையில் ஏறிவிட்டன. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, சண்டை போடாமல் காய்ச்சலில் இறந்த சிப்பாயும் போரில் இறந்தவர் கணக்கில் சேர்வாரா?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. “சேர்வார், உட்கார்” என்று கூறி அடுத்த பத்திக்குச் சென்றுவிட்டேன். அவன் வினாவுக்கு அது விடையாகாது என்பதை அன்றே அறிவேன். கடன் பட்டவன் காலந்தாழ்த்தித் திருப்பித் தருவதுபோல் இன்று விடை கூற முயல்கிறேன்.

இன்று ஈராக் எனப்படும் நாட்டை அக்காலத்தில் மெசபொடேமியா என்றனர். 1914 நவம்பரில் ஆங்கில அரசு அங்கே அனுப்பிய படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். மாதச் சம்பளம் 11 ரூபாய். கோடையில் கண்ணைச் சுடும் வெயில்; மாரியில் முழங்கால் சேறு; குடிக்க டைகிரிஸ் ஆற்றின் கலங்கல் நீர். அந்நாட்டுப் போரில் ஆங்கில, இந்தியப் படையினருள் களத்தில் மாண்டவர் ஏறத்தாழ 11,000 பேர். புண்பட்டுப் பின்னர் இறந்தவர் ஏறத்தாழ 4,000 பேர். நோயால் இறந்தவரோ 12,000 பேருக்கும் மேல். களத்தில் பகைவரால் வீழ்ந்தவரைக் காட்டிலும், கொசுவுக்கும் ஈக்கும் அழுக்கு நீருக்கும் உணவுக் குறைக்கும் பலியானவரே மிகுதி என்பது இதனால் விளங்கும்.

கூட் என்னும் ஊரில் நிகழ்ந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மூன்று பக்கமும் டைகிரிஸ் ஆறு வளைந்தோடும் சிற்றூர் அது. பாக்தாதை நோக்கிச் சென்று பின்வாங்கிய டவுன்ஷெண்ட் என்னும் தளபதியின் படையை 1915 டிசம்பர் 7 முதல் துருக்கியர் அங்கே முற்றுகையிட்டனர். முற்றுகை ஏறத்தாழ ஐந்து மாதம் நீடித்தது. உள்ளே உணவு நாளுக்கு நாள் குறைந்தது. படையின் குதிரைகளையே வெட்டித் தின்னும் நிலை வந்தது. ஆங்கிலச் சிப்பாய் தின்றான். இந்தியச் சிப்பாய் நெடுநாள் தொடவில்லை. சமயத் தலைவர்களிடமிருந்து தந்தி வழியே இசைவு வந்தபின்னும், ஊர் திரும்பினால் தன் மக்கள் தன்னை ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சம் அவனை விடவில்லை. அதனைப் பேதைமை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எப்படியும் வீடு திரும்புவோம் என்று நம்பியவனுக்கன்றோ அந்த அச்சம் எழும்!

இதில் அறிவியல் மாணவர் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வெள்ளை மாவு ரொட்டி தின்ற ஆங்கிலேயருக்குப் பெரிபெரி நோய் வந்தது. தவிடு நீக்காத கோதுமை மாவை உண்ட இந்தியருக்கு அது வரவில்லை. ஆனால் பசுங்காயும் இறைச்சியும் இல்லாமையால் இந்தியரை ஸ்கர்வி என்னும் நோய் பற்றியது. ஈறு வீங்கிக் குருதி கசியும். கால் கடுத்து நடை தளரும். ஆறிய புண்ணும் மீண்டும் வாய் திறக்கும். புல்லையும் பூண்டையும் பறித்து வேகவைத்து உண்டு பார்த்தனர். எலுமிச்சையும் ஆரஞ்சும் இந்நோயை நீக்கும் என்பதை ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் 1747-ஆம் ஆண்டிலேயே சோதித்துக் காட்டியிருந்தார். முளைகட்டிய பயறும் இந்நோயைத் தடுக்கும் என்று ஹாரியட் சிக் முதலிய ஆய்வாளர் போரின் பிற்பகுதியில் நிறுவினர். நம் வீட்டு அடுக்களையில் ஈரத்துணியில் கட்டித் தொங்கும் பொருள்தான்!

வெளியிலிருந்து மீட்க வந்த படை ஏறத்தாழ 23,000 பேரை மாண்டோராகவும் புண்பட்டோராகவும் இழந்தும் ஊரை எட்டவில்லை. வானூர்திகளிலிருந்து உணவு மூட்டைகளை வீசினர். சில ஆற்றில் விழுந்தன. 1916 ஏப்ரல் 29 அன்று ஏறத்தாழ 13,000 பேர் சரணடைந்தனர். சிறைப்பட்டு நடந்த வழியிலும் முகாம்களிலும் மாண்டோர் பல்லாயிரவர்.

முற்றுகைக்கு வெளியே இருந்த நோயாளிகளும் நற்பேறு பெற்றவரல்லர். வில் பொருத்தாத கோவேறு கழுதை வண்டிகளில் அவர்களை ஏற்றினர். ஆற்றில் இழுத்துச் செல்லும் பாரப்படகுகளில் நெருக்கிக் கிடத்தினர். மருத்துவரும் படுக்கையும் போதவில்லை. 1917-இல் விசாரணைக் குழுவின் அறிக்கை இவற்றை வெளியிட்டபோது, இந்தியாவுக்கான அமைச்சர் ஆஸ்டன் சேம்பர்லின் பதவி விலகினார். ஆற்றங்கரையில் புதைக்கப்பட்டவனுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

நிற்க. அப்படகுகள் பல சென்று சேர்ந்த ஊர் அமாரா. 1915 ஜூனில் கைப்பற்றப்பட்டு மருத்துவமனைகளின் ஊராக மாறியது. அங்கே இந்தியப் படையினருக்கென ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. ஏறத்தாழ 5,000 பேர் அதில் நினைவுகூரப்படுகின்றனர். அவர்களுள் இன்னார் என்று அடையாளம் தெரிந்தவர் ஒன்பது பேர். அடக்கம் செய்தபோது படை அதிகாரிகள் முழுமையான குறிப்பு வைக்கவில்லை.

பாஸ்ராவில் 1929-இல் ஒரு நினைவுச் சின்னம் எழுந்தது. கல்லறை தெரியாத 40,000-க்கும் மேற்பட்டோருக்கு உரியது அது. ஆங்கிலேயர் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் அதில் பொறிக்கப்பட்டன. எஞ்சிய இந்தியச் சிப்பாய்கள் 30,000-க்கும் மேற்பட்டோரை, இன்ன படைப்பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணால் மட்டும் குறித்தனர். கல்லறைகளைப் பேணும் ஆணையம் இவ்வேற்றுமையை ஆராய்ந்து, 2021-இல் வெளிப்படையாக மன்னிப்புக் கோரியது.

பாக்தாதைக் கைப்பற்றிய தளபதி மாட், 1917 நவம்பர் 18 அன்று அந்நகரிலேயே காலராவால் இறந்தார். அவர் கல்லறை மண்டபம் பாக்தாதில் இருக்கிறது. காய்ச்சலில் இறந்தவர் கணக்கில் சேர்வாரா என்று கேட்ட மாணவனுக்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். தளபதியும் சிப்பாயும் நோயால் இறந்தார்கள். ஒருவர் பெயரை யாரும் கேட்டறிய வேண்டியதில்லை.

நம் நாட்டு ஊர்கள் சிலவற்றில், “இவ்வூரிலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர்” என்னும் கருத்துப்பட ஆங்கிலத்தில் பொறித்த கல் பதித்திருக்கிறது. அதிலும் எண்தான். விடுமுறையில் உங்கள் ஊர்ப் பக்கம் அத்தகைய கல் உண்டா என்று பாருங்கள். இருந்தால், அருகில் உள்ள வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவர்கள் யார் யார் என்று முதியவரைக் கேட்டு, ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள்.