புள்ளடி மறையும் நேரம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர்களை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவார்கள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் சங்கத்தினர் எங்களிடம் கேட்டது வேறு. இந்த வளவுக்குள் படித்ததில் எது இன்றைக்கும் கை கொடுக்கிறது என்று பேசச் சொன்னார்கள். எங்கள் அணியினர் தொலைபேசியில் கூடி ஆராய்ந்ததில் ஒன்று எல்லோருக்கும் பொதுவாக வந்தது. உயர்தர இரசாயனவியலில் தவறாமல் வரும் அந்த வினா: தாக்க வீதத்தைப் பாதிக்கும் காரணிகள் யாவை? வெப்பநிலை, செறிவு, மேற்பரப்பளவு, ஊக்கி என்று மூச்சு விடாமல் ஒப்புவிப்போம். புள்ளியும் கிடைத்துவிடும். அந்த நான்கு சொற்களுக்குள் எமது துறைமுகப் பட்டினமே அடங்கியிருக்கிறது என்பது பிற்பாடுதான் எங்களுக்குப் பிடிபட்டது.

ஆய்வுகூடத்தில் செய்த ஒரு பரிசோதனை உங்களுக்கும் நினைவிருக்கும். வெள்ளைத் தாளில் பேனையால் ஒரு புள்ளடி. அதன்மேல் சோடியம் தயோசல்பேற்றுக் கரைசல் உள்ள குடுவை. அதற்குள் ஐதரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிவிட்டு மேலிருந்து பார்க்க வேண்டும். கந்தகம் மெல்ல வீழ்படிவாகும், கரைசல் பாலாகக் கலங்கும், புள்ளடி மறையும். எத்தனை செக்கன் என்று குறிக்க வேண்டும். பற்றாக்குறைக் காலம் அது. நிறுத்தற் கடிகாரம் இல்லை. யாருடைய கைக்கடிகாரத்தில் செக்கன் முள் ஓடுகிறதோ அவரே அன்றைக்கு ராணி. கரைசலை ஐதாக்கினால் புள்ளடி மறையக் கூடுதல் நேரம் எடுத்தது. சூடாக்கினால் சட்டென்று மறைந்தது. சூடாக்கியது சிறிதளவுதான், நேரம் குறைந்ததோ பெருமளவு. அது ஏன் என்று அன்று எங்களில் எவரும் கேட்கவில்லை.

பல தாக்கங்களுக்கு ஒரு பருமட்டான விதி சொல்வார்கள்: வெப்பநிலை 10 பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். துணிக்கைகள் வேகமாக ஓடி அடிக்கடி மோதுகின்றன, அதனால்தான் என்று எழுதினால் அது அரைவாசி விடைகூட இல்லை. 27 பாகையிலிருந்து 37 பாகைக்கு ஏற்றினால் துணிக்கைகளின் சராசரி வேகம் நூற்றுக்கு இரண்டு வீதம்கூட உயர்வதில்லை. மோதுவது மட்டும் போதாது, மோதும்போது ஏவற்சக்தி என்ற ஒரு தடையைத் தாண்ட வேண்டும் என்பதில்தான் முழு விடையும் இருக்கிறது. சுவீடன் நாட்டு அரீனியசு 1889இல், சீனி அமிலக் கரைசலில் உடையும் வேகத்தை வைத்து இதற்குக் கணக்குப் போட்டார்.

இல்ல விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலை நினைத்துப் பாருங்கள். நூறு பிள்ளைகளில் இருவர்தான் தடியைத் தாண்டுகிறார்கள். எல்லோருடைய பலமும் ஒரு சிறிதளவு கூடினால், நடுவில் நிற்பவர்களுக்கு அதனால் பயனில்லை. ஆனால் தடியை உரசி உரசி விழுத்திக்கொண்டிருந்த இரண்டு பேர் இப்போது தாண்டிவிடுவார்கள். சராசரி கொஞ்சம்தான் கூடியது, தாண்டியவர் தொகையோ இரட்டித்துவிட்டது. ஊக்கி செய்வது வேறு வேலை. அது எவருக்கும் பலம் கொடுப்பதில்லை, பக்கத்தில் தணிந்த தடி ஒன்றைக் கட்டி வைக்கிறது.

மேற்பரப்பளவுக்கு நாங்கள் பரீட்சையில் எழுதியது சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புத் தூளும். துறைமுகத்தைச் சுற்றி வந்திருந்தால் அதைவிட நல்ல உதாரணம் கிடைத்திருக்கும். ரோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கப்பலில் வந்திறங்குவது கிளிங்கர் என்ற சுட்ட கட்டிகள். ஒரு கிலோ கட்டியின் வெளிப்பரப்பு முழுவதையும் சேர்த்தாலும் இரண்டு மூன்று கொப்பித் தாளளவுதான் வரும். நீரை ஊற்றினால் உடனே எதுவும் நடக்காது. அதே ஒரு கிலோவைச் சீமெந்தாக அரைத்தபின் பரப்பு 300 சதுர மீற்றருக்கும் மேல். எமது வலைப்பந்தாட்டத் திடலின் முக்காற்பங்கு என்று வையுங்கள். அரைப்பதால் வரும் பரப்பே நீரோடு தாக்கமடைய வழி திறக்கிறது. ஆனால் வழி அளவுக்கு மிஞ்சித் திறந்துவிடும். வெறும் கிளிங்கர்த் தூளில் நீர் பட்டால் மேசன் கரண்டியை எடுக்கும் முன்பே இறுகத் தொடங்கும். ஆகவே அரைக்கும்போதே சிறிதளவு ஜிப்சம் சேர்த்து அந்த அவசரத்தை அடக்குகிறார்கள். சீனி இன்னும் பொல்லாதது. கொஞ்சம் கலந்தாலே சீமெந்து நெடுநேரம் இறுகாது. மேசன்மாருக்குத் தேநீர் கொடுக்கும் அக்காமார் சீனிப் போத்தலைக் கலவைத் தாச்சிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

சீனக்குடாவிலுள்ள பிறிமா ஆலையில் கோதுமை மாவாவதும் இதே பரப்புக் கணக்குத்தான். கோதுமை மணி குவியலாகக் கிடந்தால் இலேசில் தீப்பற்றாது. மாவாகிக் காற்றில் பறந்தால் ஒரு பொறி போதும். அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரில் 1878 மே 2ஆம் திகதி ஒரு பெரிய மா ஆலை இவ்வாறு வெடித்து 18 பேர் இறந்தார்கள். உலகெங்கும் மா ஆலைகளில் தூசு படியவிடாமல் துப்புரவாக்குவது அழகுக்காக அல்ல.

எண்ணெய்க் குதங்களையும் சொல்லாமல் விட முடியாது. பிரித்தானியர் கட்டிய தாங்கிகளில் 99 இன்றும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் குண்டு வீசியபோது ஒரு தாங்கி பற்றி எரிந்து, நாட்கணக்கில் அணையவில்லை என்று எங்கள் அம்மம்மாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். காட்டுக்குள் நிற்கும் மற்றவை அன்றிலிருந்து துருப்பிடித்துக்கொண்டே நிற்கின்றன. எண்ணெய் எரிவதும் இரும்பு துருப்பிடிப்பதும் ஒட்சிசனோடு சேருவதுதான். ஒன்றுக்குச் சில நாட்கள், மற்றதற்கு எண்பது வருடமும் போதவில்லை.

செறிவைப் பற்றி ஒரேயொரு விடயம். 2004 மார்கழி 26 கடல்கோளுக்குப் பின் இந்த மாவட்டத்தில் கிணறு இறைத்ததும் குளோரின் போட்டதும் பலருக்கு நினைவிருக்கும். மருந்தைப் போட்ட கையோடு வாளியைக் கிணற்றில் இறக்கக் கூடாது. கிருமியைக் கொல்வதும் ஒரு தாக்கம், அதற்கும் நேரம் வேண்டும். அரை மணித்தியாலம் கழிந்த பின்னும் நீரில் லீற்றருக்கு அரை மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கலங்கிய நீரில் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். ஆகவே முதலில் தெளியவிட்டு வடிக்க வேண்டும்.

இனி நாங்கள் சொல்ல வந்த முக்கிய காரியம், மீன்.

சூரை, கெலவல்லா, கும்பளா, சாளை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடீன் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. அது தீங்கில்லாதது. மீனின் செவுளிலும் குடலிலும் வாழும் சில பற்றீரியாக்களிடம் ஒரு நொதியம் இருக்கிறது. நொதியம் என்றால் உயிருள்ளவை செய்யும் ஊக்கி. காயத்தில் ஐதரசன் பேரொட்சைட்டு விட்டால் நுரைத்துப் பொங்குவதைக் கண்டிருப்பீர்கள். அங்கே கற்றலேசு என்ற நொதியத்தின் ஒரேயொரு மூலக்கூறு ஒரு செக்கனில் மில்லியன் கணக்கான பேரொட்சைட்டு மூலக்கூறுகளை உடைக்கிறது. மீனில் உள்ள நொதியம் ஹிஸ்டிடீனை ஹிஸ்டமீனாக மாற்றுகிறது. எங்கள் உடலில் தடிப்பையும் கடியையும் உண்டாக்கும் அதே ஹிஸ்டமீன்தான்.

படகில் ஏறிய மீன் 30 பாகை வெயிலில் கிடந்தால் பற்றீரியா பெருகும், நொதியம் பெருகும், ஒவ்வொரு நொதியமும் வேகமாக வேலை செய்யும். ஐஸில் புதைத்தால் இவை அத்தனையும் தூங்கிவிடும். மீன்துறையினர் வைத்திருக்கும் ஒரு கணக்கின்படி, 0 பாகையில் கெடுவதைவிட 10 பாகையில் மீன் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகக் கெடுகிறது. அதாவது சாதாரணமாகக் குளிராக வைத்திருக்கிறோம் என்பதற்கும் ஐஸில் வைத்திருக்கிறோம் என்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. கட்டி ஐஸை விட நொறுக்கிய ஐஸ் நல்லது. மீனை நன்றாகத் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு கூடுகிறதல்லவா? மீனின் நிறைக்குச் சரிநிறை ஐஸ் என்பது எம்போன்ற வெப்ப நாடுகளுக்குச் சொல்லப்படும் அளவு. ஐஸ் காசு மிச்சம் என்று நினைத்தால் மீன் காசு போய்விடும். கொட்பேயிலும் திருக்கடலூரிலும் தொழில் செய்யும் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீட்டில் சமைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது: உண்டான ஹிஸ்டமீன் கொதியில் அழியாது. நன்றாகக் கொதித்த குழம்பிலும் இருக்கும், பொரியலிலும் இருக்கும், ரின் மீனிலும் இருக்கும், பழுதான சூரையில் செய்த மாசிக் கருவாட்டிலும் இருக்கும். உறையவைத்தாலும் அழியாது. கண்ணுக்கும் மூக்குக்கும் நல்ல மீனாகவே தெரியலாம். சிலருக்கு நாக்கில் மிளகு போல உறைக்கும், அவ்வளவுதான். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் அக்காமார் பெட்டியில் வாங்கிய மீனை இரவு சிங்குக்குள் போட்டு விடியும்வரை இளகவைப்பதாகக் கேள்விப்படுகிறோம். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டிலேயே இளகட்டும். இங்கே சந்தைக்குப் போகிறவர்கள் மரக்கறி, தேங்காய் எல்லாம் வாங்கி முடித்து, கடைசியாக மீனை வாங்குங்கள். வரும் வழியில் கதை வேண்டாம்!

வைத்தியசாலைகளில் நாங்கள் காண்பது இப்படித்தான். சாப்பிட்டுச் சில நிமிடத்திலோ ஒரு மணித்தியாலத்திலோ முகமும் கழுத்தும் சிவந்து காந்தும், தலை இடிக்கும், நெஞ்சு படபடக்கும், தடிப்பு வரும், சிலருக்கு வயிற்றோட்டம். உடனே ‘இவருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது’ என்று வீட்டார் தீர்ப்பெழுதிவிடுவார்கள். அந்தத் தீர்ப்பு வாழ்நாள் முழுவதும் நிற்கும். மீனை நம்பி வாழும் ஊரில், இறைச்சி வாங்க வசதியில்லாத வீட்டில், ஒரு பிள்ளைக்கு மீனை நிறுத்துவது சின்ன விடயமல்ல. அது ஒவ்வாமையாகவே இல்லாமல், அன்றைய மீனில் இருந்த ஹிஸ்டமீனாக மட்டும் இருக்கலாம். இரண்டுக்கும் ஆரம்ப அறிகுறிகள் ஒன்றுபோலவே இருப்பதால் வைத்தியருக்கு உங்கள் உதவி வேண்டும். மேசையில் அதே மீனைச் சாப்பிட்ட வேறு யாருக்கும் இப்படி வந்ததா? முன்பு இதே வகை மீனை எத்தனையோ தரம் சுகமாகச் சாப்பிட்டவரா? என்ன மீன், எங்கே எப்போது வாங்கியது, சமைக்கும் வரை எங்கே கிடந்தது? ஒரே சட்டியில் சாப்பிட்ட மூவருக்கு ஒன்றாக வந்தால் பெரும்பாலும் குற்றம் மீனில்தான்.

அதற்காக வீட்டிலிருந்தே முடிவெடுக்க வேண்டாம். மூச்சுத் திணறல், குரல் அடைப்பு, மயக்கம், நாக்கு அல்லது உதடு வீக்கம் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதியாமல் கொண்டு வாருங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் இருதய நோயாளருக்கும் ஹிஸ்டமீன் கடுமையாகத் தாக்கலாம். மிஞ்சிய கறியைக் கொட்டிவிடாமல் ஒரு போத்தலில் மூடி ஐஸோடு எடுத்து வாருங்கள். மேசையில் வைத்துவிட்டு வந்தால் நாளைக்குப் பரிசோதிக்கும்போது அதிலுள்ள அளவு இன்றைய அளவாக இராது.