கேட்டு அனுப்புவோம்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எங்கள் குழு முறுக்கு, அதிரசம், மசாலாப் பொடி செய்து விற்கிறது. 2025 தீபாவளி சமயத்தில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கண்காட்சியில் எங்கள் கடைக்கு வந்தவர்களிடம், "கருத்து எழுதிட்டுப் போங்க" என்று நோட்டை நீட்டுவோம். பேரும் போன் நம்பரும் எழுதுவார்கள். அப்படிச் சேர்ந்த முந்நூறு நம்பருக்கு, நாளுக்கு நூறாக, என் போனில் இருந்தே விளம்பர எஸ்எம்எஸ் அனுப்பினேன். ஆர்டர் கொஞ்சம் வந்தது. அடுத்த வாரம் என் போனில் இருந்து யாரையும் கூப்பிட முடியவில்லை. என் பேரில் வாங்கி மகன் வைத்திருந்த சிம்மும் அப்படியே. கம்பெனி ஆபீஸில் கேட்டால், "உங்க மேல புகார் வந்திருக்கும்மா, பதினைந்து நாள் ஆகும்" என்றார்கள். பண்டிகை முடிந்தது. இருபது கிலோ முறுக்கு தேங்கிப் போச்சு.

அப்புறம்தான் விசாரித்தேன். டிராய் 2018-ல் கொண்டுவந்த விதிகளை 2025 பிப்ரவரியில் இறுக்கியிருக்கிறார்கள். சாதாரண பத்து இலக்க நம்பரில் இருந்து விளம்பரம் அனுப்பக் கூடாது. பத்து நாளில் ஐந்து பேர் புகார் கொடுத்தாலே நடவடிக்கை. முதல் தடவை 15 நாள். மறுபடி செய்தால் ஒரு வருஷம் இணைப்பே கிடையாது.

கோபம் வந்தது. "லோன் தர்றோம்னு நாள் பூரா தொல்லை பண்றவனை விட்டுட்டு, முறுக்கு விக்கிறவளைப் பிடிக்கிறாங்களே"ன்னு அழுதேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்த லோன்காரன் மேல 1909-ல் புகார் கொடுத்தவளும் நான்தான். நம்ம அக்கா தங்கச்சிகள் எத்தனை பேர் அந்த மாதிரி மெசேஜை நம்பிப் பணத்தை விட்டிருக்கோம்! கருத்து எழுதத்தான் நம்பர் கொடுத்தார்கள். விளம்பரம் அனுப்பலாமா என்று நான் கேட்கவே இல்லையே.

இப்போது எங்கள் நோட்டில் தனிக் கட்டம் போட்டிருக்கிறோம்: "செய்தி அனுப்பலாமா?" சரி என்பவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறோம்.

அதோடு வேலை முடியவில்லை. முறைப்படி அனுப்ப, தொலைபேசி நிறுவனத்தின் டிஎல்டி தளத்தில் பதிய வேண்டும். அனுப்புகிறவர் பேரையும், அனுப்பும் வாசகத்தையும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். அப்படிப் போகும் விளம்பரத்தில் பேருக்குப் பின்னால் 'பி' என்ற ஆங்கில எழுத்து வரும். பதிவுக்குக் கட்டணம், பேப்பர் வேலை எல்லாம் உண்டு. பெரிய கடைக்கு அது ஒரு செலவே இல்லை. பத்துப் பேர் குழுவுக்கு அது பாரம்.

அதனால் ஒரு வேண்டுகோள். கூட்டமைப்புக்கு பான் கார்டு இருக்கிறது, கணக்கு இருக்கிறது. கூட்டமைப்பு பேரில் ஒரே பதிவு செய்தால் எல்லாக் குழுக்களின் பொருளுக்கும் அதில் இருந்தே செய்தி அனுப்பலாம், செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வையுங்கள். அதுவரை யாரும் சொந்த போனில் இருந்து என்னை மாதிரி அனுப்பிவிடாதீர்கள்.