கண்ணாடித் தொட்டியில் கடல்



கிங்ஸ் சர்க்கிளிலும் மாதுங்காவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் மீன் தொட்டி என்பது புதிய பொருளன்று. பொன்மீனும் கப்பியுமே போதும் என்று நாம் நிறைவு பெற்றிருந்தோம். இப்பொழுது இளைஞர் சிலருக்கு உப்புநீர்த் தொட்டியின்மேல் ஆசை பிறந்திருக்கிறது. வெள்ளைப் பட்டையிட்ட கோமாளி மீனும், நீரோட்டத்தில் அசைந்தாடும் பவளமும் தம் வீட்டுக் கூடத்திலேயே இருத்தல் வேண்டும் என்று அவர்கள் விரும்புகின்றனர். அவ்விருப்பம் நிறைவேறக் கூடியதுதானா, நிறைவேற்றத் தக்கதுதானா என்னும் இரு வினாக்களை இன்று எடுத்துக்கொள்வோம்.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது கூறிவிடுகிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்க்கு இது விட முடியாத வழக்கம். பவளம் என்றதும் நம் நினைவுக்கு வருவது நவமணிகளுள் ஒன்றாகிய செம்பவளம். மத்தியதரைக் கடலில் பேர்பெற்ற அதற்கு எலும்பே சிவப்பு. நமது மன்னார் வளைகுடாவில் பாறையாக வளர்வதோ வேறு இனம். அதன் எலும்பு சுண்ணாம்பு வெண்மை. பச்சையும் ஊதாவும் பழுப்பும் அதன்மேல் போர்த்திய மெல்லிய உயிர்ச் சதையின் நிறங்களே. இராமநாதபுரத்துக் கடலோடிகள் கடலடிப் பாறைத் திட்டைப் 'பார்' என்பர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர். தமிழிலும் வெறுமனே 'பவளம்' என்று எழுதிவிட்டால், படிப்பவர் மோதிரக் கல்லைப் பற்றிய செய்தி என்று எண்ணிவிடுவர்.

பாறைப் பவளம் செடியன்று, கல்லுமன்று, அது பிராணி. ஊசிமுனை அளவிலிருந்து விரல்நுனி அளவுவரை உள்ள எண்ணற்ற உயிர்கள் ஒட்டி வாழும் குடியிருப்பு அது. அவற்றின் சதைக்குள்ளே நுண்ணிய பாசிகள் தங்கி, வெயிலைக் கொண்டு உணவு சமைத்து, வீட்டுக்காரருக்குப் பெரும்பங்கு அளிக்கின்றன. கோடையில் வழக்கமான உச்ச வெப்பத்துக்கு மேல் ஓரிரு டிகிரி ஏறி, அது சில வாரம் நீடித்தால், பவளம் இப்பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய் வெளுக்கிறது. பல வேளைகளில் மடிகிறது. 1998-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் நேர்ந்தது இதுவே.

கடலிலேயே இப்படியென்றால், மே மாதத்துப் பம்பாய்க் கூடத்தில் என்ன ஆகும்? பவளத் தொட்டிக்கு உகந்த வெப்பம் ஏறத்தாழ 24 முதல் 27 டிகிரி செல்சியஸ். மின்விசிறி ஓடும் அறையில் நீர் 30-ஐ எளிதில் தாண்டிவிடும். ஆகவே நீரைக் குளிர்விக்கும் இயந்திரம் வேண்டும். ஆயிரம் பங்கு நீரில் உப்பு 35 பங்கு இருத்தல் வேண்டும். நீர்தான் ஆவியாகும், உப்பு ஆகாது. எனவே குறைந்த அளவை நன்னீரால் நிரப்பவேண்டுமேயன்றி, உப்புநீரால் நிரப்பலாகாது. அந்த நன்னீரும் குழாய்நீராக இருத்தல் கூடாது. குளோரின் நீங்க நன்கு வடித்ததாக இருத்தல் வேண்டும். மாஹிம் கடல் அருகில்தானே, குடத்தில் மொண்டு வரலாமே என்று சிலர் கேட்கின்றனர். நகரத்தின் கழிவு கலக்கும் நீர் அது. மழைக்காலத்தில் உப்பின் அளவும் தாழ்ந்துவிடும்.

புதிய தொட்டியில் மீனை உடனே விடுவது பெருந்தவறு. மீனின் கழிவிலிருந்து தோன்றும் அமோனியா நஞ்சு. அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிர்கள் அப்பிய கடற்பாறையையும் காற்றுக் குமிழையும் மட்டும் கொண்டே தொட்டி நீரைத் தூயதாக வைக்கலாம் என்று 1961-ல் எழுதினார். இன்றைய முறைகள் பலவற்றுக்கு அதுவே வித்து. இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தல் நலம். 200 லிட்டர்த் தொட்டி, பாறையும் கண்ணாடியும் சேர்ந்து 300 கிலோவை நெருங்கும். எங்கள் வட்டாரத்துப் பழங்கட்டடங்களில் அதனைத் தாங்கும் இடம் எது என்று பொறியாளரைக் கேட்டறிவது நன்று. மின்சாரம் நின்றுவிட்டால் நீரோட்டம் நின்று, பிராணவாயு குறையும். நாம் அறிந்த ஒரு வீட்டில், மகன் வாங்கி வைத்த தொட்டியை, அடுப்பில் பாலைக் காவல் காப்பதுபோலத் தாயார்தான் நாள்தோறும் காத்து வருகிறார். ஆசை ஒருவருடையது, ஊழியம் மற்றொருவருடையது!

இவ்வளவும் பணத்தாலும் பொறுமையாலும் ஆகக்கூடியவை. இரண்டாம் வினாதான் கடினமானது. அந்தப் பவளம் எங்கிருந்து வருகிறது? மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறையை நெடுங்காலம் வெட்டி எடுத்தனர். அங்கிருந்த 21 தீவுகளுள் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கிப் போயின. அப்பகுதி 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001-ல் பாறைப் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பெற்றன, கடற்குதிரையும் அவ்வாறே. புலிக்குரிய காவல் இவற்றுக்கும் உண்டு. வெளிநாட்டுச் சரக்கு என்று கடைக்காரர் சொன்னாலும், பாறைப் பவள வாணிகம் அனைத்துலக உடன்படிக்கைக்கு உட்பட்டது. அனுமதிச் சீட்டைக் கேளாமல் வாங்குதல் தகாது. ஆகவே உயிர்ப் பவளத்தைத் தொட்டிக்கு விரும்பாதிருப்பதே முறை என்பது நமது கருத்து.

கோமாளி மீனின் நிலை வேறு. 1947-ல் தொடங்கப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், இம்மீன்களைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறையை வகுத்திருக்கிறது. பாறையில் இடும் முட்டைகளை ஆண்மீன் துடுப்பால் விசிறிக் காக்கும். ஒரு வாரம் அளவில் அவை பொரியும். கூட்டத்துப் பெண்மீன் இறந்தால், மூத்த ஆண்மீனே பெண்ணாக மாறிவிடும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா போன்ற நாடுகளில் சயனைடு தெளித்து மீன் பிடிக்கும் கொடுமை உண்டு. அவ்வாறு பிடிபட்டவை கடைக்கு வந்தபின் காரணம் தெரியாமல் சாகும். பொரிப்பகத்து மீனோ தீனிக்குப் பழகியது; நன்கு பேணினால் இருபது ஆண்டுகூட வாழும். கடல் தாமரை இன்றியும் அது வாழும். செயற்கைப் பாறையும், ஓர் இணை கோமாளி மீனும் போதுமான அழகே.

காட்சிக்கெனப் பொதுவிடங்களும் இருந்தன. சென்னை மெரினாவில் 1909-ல் அமைந்த மீன் காட்சிச்சாலை இரண்டாம் உலகப்போரின்போது மூடப்பெற்றது. மரீன் டிரைவில் 1951-ல் திறக்கப்பெற்ற தாராபூர்வாலா மீன் காட்சிச்சாலை 2015-ல் புதுப்பிக்கப்பெற்று, பின்னர்க் கட்டடம் பழுதுற்றமையால் மூடப்பெற்றது.

ஆனால் பம்பாய்க் கடலிலேயே பவளம் உண்டு என்பதைப் பலர் நம்புவதில்லை. ஹாஜி அலியிலும் வோர்லியிலும் கலங்கல் நீரிலும் பிழைக்கும் சிறு பவளங்கள் கரைப்பாறைகளில் வளர்கின்றன. கடற்கரைச் சாலைப் பணிக்காக 2020-ல் அவற்றுள் 18 திட்டுகளைப் பெயர்த்து வேறிடத்தில் ஒட்டினர். மாதுங்கா ரோடிலிருந்து மகாலட்சுமிக்கு ரயிலில் சென்றால் ஹாஜி அலி அருகே. அமாவாசையை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிகவும் வற்றும். அலை அட்டவணையைப் பார்த்து, விவரம் அறிந்தவர் துணையோடு செல்லவேண்டும். பாசி வழுக்கும், வெற்றுக் காலோடு இறங்கலாகாது. பவளத்தின்மீது மிதியாமலும், எதையும் பையில் போடாமலும், நீர் திரும்பத் தொடங்கியதும் கரைக்கு வந்துவிடவேண்டும். புரட்டிப் பார்த்த கல்லை முன்போலவே திருப்பி வைத்துவிடவேண்டும். அதன் அடியில் குடியிருப்பவை வெயில் தாங்கமாட்டா.