ஏலத்துக்கு வந்த சங்கச் சின்னங்கள்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'ஆவணப் பராமரிப்பு'. பேரைக் கேட்டாலே பாதிப் பேருக்குத் தூக்கம் வந்துடும். அதனால அமெரிக்காவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அங்கே கல்லூரிப் பெண்களுக்கென்று சொராரிட்டி என்ற சங்கங்கள் உண்டு. படிப்பு முடிந்தாலும் உறுப்பினர் உறுப்பினர்தான், ஆயுசு முழுக்க. ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு சின்னம் இருக்கும். சின்னஞ்சிறு தங்கப் பின், நெஞ்சுப் பக்கம் குத்திக்கொள்வார்கள். பை பீட்டா ஃபை சங்கத்துக்கு அம்பு, கப்பா கப்பா காமாவுக்குச் சாவி, டெல்டா காமாவுக்கு நங்கூரம். சிலவற்றில் முத்து பதித்திருக்கும். பின்பக்கத்தில் பல சமயம் உறுப்பினரின் பெயரோ முதலெழுத்தோ பொறித்திருக்கும்.

அந்தப் பின்னுக்கு என்ன மதிப்பு என்பதற்கு ஒரு கதை சொல்றேன். இந்தியானா மாநிலத்தில் ஒரு கல்லூரி 1867-ல்தான் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்தது. அங்கே படித்த பெட்டி லாக் என்ற பெண்ணிடம், ஆண் மாணவர் சங்கம் ஒன்று தங்கள் சின்னத்தைக் குத்திக்கொள்ளச் சொன்னது. உறுப்பினராகச் சேர்ப்பீர்களா என்று கேட்டால், அது மட்டும் முடியாதாம். அப்படியானால் சின்னமும் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். 1870-ல் இன்னும் மூன்று பெண்களோடு சேர்ந்து கப்பா ஆல்ஃபா தீட்டா சங்கத்தைத் தொடங்கினார். கையெழுத்துக்கு மட்டும் கூப்பிட்டுவிட்டு, கணக்கைக் கண்ணில் காட்டாத இடங்கள் நமக்கும் தெரியுமே!

இப்போ அந்தப் பின்களெல்லாம் இணையத்தில் ஏலத்துக்கு வருது. வயசான அம்மா ஒருத்தர் இறந்துபோவார். பிள்ளைகள் எங்கேயோ தூரத்தில் இருப்பார்கள். வீட்டுச் சாமானை மொத்தமாக விற்கும்போது பித்தான் டப்பாவோடு பின்னும் போய்விடும். வாங்கின வியாபாரி ஈபேயில் போடுவார். சில பின்கள் தங்கத்துக்காக உருக்கப்பட்டே போகும்.

சின்னம் சங்கத்துக்கே சொந்தம், உறுப்பினர் அணிவதற்கு மட்டும்தான் என்று விதி வைத்திருக்கிற சங்கங்கள் உண்டு. இறந்தால் உடலோடு புதைப்பார்கள், இல்லையென்றால் சங்கத்துக்குத் திருப்பித் தருவார்கள். ஆனால் காசு கொடுத்து வாங்கின வியாபாரியிடம் சங்க விதியைச் சொல்லி என்ன பயன்? அதனால உறுப்பினர்களே தினமும் ஏலத்தைக் கவனித்து, கைக்காசு போட்டு மீட்கிறார்கள். பொறித்த பெயரைப் பழைய உறுப்பினர் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்து, அது எந்தக் கல்லூரிக் கிளை, எந்த வருஷம் என்று கண்டுபிடிக்கிறார்கள். பதிவேடு ஒழுங்காக இருந்தால்தான் இது நடக்கும், இதை மறக்காதீங்க.

இதில் ஒரு சிக்கல். இரண்டு உறுப்பினர்கள் போட்டி போட்டுக் கேட்டால் விலை ஏறும், லாபம் வியாபாரிக்கு. ஏலச்சீட்டு எடுத்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இவர்கள் எப்படியும் வாங்குவார்கள் என்று தெரிந்தால் அடுத்த பின்னுக்கு இன்னும் கூட்டிக் கேட்பார்கள். என்னைக் கேட்டால், பெயர் பொறித்த பழையதை மீட்கலாம்; மற்றதை விட்டுவிடலாம்.

இன்னொன்றும் சொல்லணும். இந்தப் பழைய சங்கங்கள் கறுப்பினப் பெண்களை நெடுங்காலம் சேர்க்கவில்லை. அவர்கள் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908-ல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவையும், 1913-ல் டெல்டா சிக்மா தீட்டாவையும் தாங்களாகவே தொடங்கினார்கள். டெல்டாவைத் தொடங்கியது 22 பெண்கள். அந்த வருஷம் மார்ச் 3-ந் தேதியே வாக்குரிமை கேட்டு வாஷிங்டன் ஊர்வலத்தில் நடந்தார்கள். அந்தக் காலத்துப் பின் ஒன்று உருகிப்போனால் என்னென்ன போகும், யோசிச்சுப் பாருங்க.

நமக்குத் தங்கப் பின் கிடையாது. தீர்மான நோட்டு இருக்கு. தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் ஆரம்பித்த குழுக்களின் வழியில் வந்தவர்கள் நாம். முதல் கூட்டத்தில் கைநாட்டு வைத்த அம்மாக்கள் பலர் இன்று இல்லை. அந்த நோட்டு பரணில் கிடக்கலாம், பழைய பேப்பர் கடைக்கே போயிருக்கலாம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் உங்க முதல் தீர்மான நோட்டையும் முதல் பாஸ்புக்கையும் கொண்டு வாங்க. செயலாளர் ரசீது போட்டு வாங்கிக்குவாங்க. அலுவலக இரும்பு பீரோவில் மேல் தட்டை காலி பண்ணி வைத்திருக்கிறோம். கொடுக்க மனசில்லாதவங்க போன்ல ஒவ்வொரு பக்கமா படம் எடுத்துக் கொடுங்க, போதும். கைநாட்டு யாருடையது என்று தெரிந்தவங்க இருந்தா, அவங்களையும் கூடக் கூட்டிட்டு வாங்க. பக்கத்தில் பெயர் எழுதிக்கலாம்.