எட்டுக்கால் பூச்சி தேடிப் போன காலை

(காலாண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

ஐந்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். பூங்காவுக்கு மாதந்தோறும் பூச்சிமருந்து அடிக்கும் தீர்மானம் எனக்கு அடுத்து வருகிறது. அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்மில் ஆறு பேர் நன்மங்கலம் காப்புக்காட்டுக்கும் பக்கத்து ஏரிக்கரைக்கும் சிலந்தி பார்க்கப் போனோம். அழைத்துப் போன விலங்கியல் பேராசிரியர் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டிலிருந்து ஒரு பூச்சியைக்கூட எடுக்கக் கூடாது, பார்ப்பதோடு சரி.

முள்புதரில் அழுக்குத் துணியைச் சுருட்டி வைத்த மாதிரி ஒரு கூடு. ஒட்டடை என்று நினைத்தேன். சமூகச் சிலந்தியாம். ஒரே கூட்டில் நூற்றுக்கணக்கில் இருக்கும். வலையில் வெட்டுக்கிளி விழுந்தால் பல சேர்ந்து அமுக்கி, பகிர்ந்து தின்னும். மெயின்டனன்ஸ் பாக்கியே இல்லாத குடியிருப்பு!

அடுத்து இலைமேல் ஒரு முசுறு எறும்பு. "கால்களை எண்ணுங்கள் சார்" என்றார். ஆறு என்றேன். மறுபடி எண்ணச் சொன்னார். முன்னங்கால் இரண்டையும் எறும்பின் கொம்பு மாதிரி தூக்கிப் பிடித்திருக்கிறது! சேர்த்தால் எட்டு. முசுறு கடிக்கும் என்று மற்ற உயிர்கள் ஒதுங்குவதால் அந்த வேஷம். கேஷ் கவுண்டரில் கள்ளநோட்டு பிடித்தவன், அன்று ஏமாந்தேன்.

ஏரிக்கரையில் பிடித்தும் பார்த்தோம். செடிக்குக் கீழே வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்துக் கிளையைத் தடியால் தட்ட வேண்டும். விழுவதைக் குப்பியில் எடுக்க வேண்டும். ஆராய்ச்சிக்கென்றால் ஆல்கஹாலில் போடுவார்கள். நாங்கள் பார்த்துவிட்டு அதே செடியில் விட்டோம். கோரையில் காலை நீட்டிக் குச்சி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த நீள்தாடைச் சிலந்தி, தண்ணீருக்கு மேலே வலை கட்டிக் கொசு பிடிக்கிறது.

கரை மண்ணில் ஓர் ஓநாய்ச் சிலந்தி, முதுகு நிறையக் குஞ்சுகள். குப்பியைக் கவிழ்க்கும்போது என் கை நடுங்கிவிட்டது. குஞ்சுகள் சிதறிவிட்டன. தாய் ஓடாமல் நின்றது. சில திரும்ப ஏறின, எல்லாம் ஏறினவா தெரியவில்லை. பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் உறுத்துகிறது.

நம் வீட்டுச் சுவரில் ராத்திரி வருமே, உள்ளங்கை அகலத்தில் தட்டையாக ஒன்று? அது வலையே கட்டாது, ஓடிப்போய்க் கரப்பான் பிடிக்கும். இத்தனை வருஷம் அதைத் துடைப்பத்தால் அடித்தவன் நான்தான்.

திரும்பி வந்து நம் பூங்கா வேலிச்செடியை டார்ச் அடித்துப் பார்த்தேன். வலையில் பெருக்கல் குறி போட்டு நடுவில் உட்காரும் சிலந்தி மட்டும் நான்கு. சிலந்தி கொசுவை ஒழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொசு முட்டையிடுவது வேலியில் இல்லையே, தேங்கிய தண்ணீரில்தானே? 'பி' பிளாக் சம்ப்புக்கு மூடி உடைந்து மூன்று மாதம் ஆகிறது. தீர்மானத்தில் வேலிச்செடியை நீக்கிவிட்டு, முதலில் அந்த மூடியைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.