மடைப்பள்ளிக்குள் போகாத அரிசி



முன்னோரின் உணவு அறிவைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு பெரிது, நேரம் சின்னது. ஆகவே கம்பு, கேழ்வரகு, கருப்பட்டி, கருவாடு எல்லாவற்றையும் இன்னொரு நாளைக்கு வைத்துவிட்டு, ஒரே ஒரு பண்டத்தைப் பேசுகிறேன். புழுங்கல் அரிசி.

ஸ்ரீரங்கத்து மேடையில் நின்று புழுங்கலுக்குப் பரிந்து பேச கொஞ்சம் துணிச்சல் வேண்டும். பெரிய கோயில் மடைப்பள்ளிக்குள் அது நுழைய முடியாது. பெருமாளுக்குத் தளிகை பச்சரிசியில்தான். அவித்த நெல் ஒரு முறை வெந்துவிட்டது, வெந்ததை மறுபடி வேகவைத்துப் படைக்கக் கூடாது என்பது சொல்லப்படும் காரணம். உத்தர வீதி, சித்திரை வீதி வீடுகளிலும் வெகுகாலம் அதே வழக்கம். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்கள் வீட்டிலோ புழுங்கல். அதுவும் முந்தைய நாள் வடித்தது. பச்சரிசி உசத்தி, புழுங்கல் மட்டம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அந்த மட்டமான அரிசி எப்படித் தயாரானது என்று இளைய பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். நெல்லைத் தொட்டியில் ஊறப் போடுவார்கள். ஊறியதை அண்டாவில் கொட்டி, அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, வாயை ஈரச் சாக்கால் மூடி அடுப்பை எரிப்பார்கள். ஆவி மேலே ஏறி, உமி லேசாக வாய் பிளந்ததும் இறக்கிவிட வேண்டும். பிறகு களத்தில் விரித்து, காலாலேயே சால் சாலாகத் தள்ளிக் கிளறவேண்டும். ஒரே மூச்சில் வெயிலில் காய்ந்தால் குத்தும்போது நொறுங்கிவிடும். அதனால் பாதி காய்ந்ததும் குவித்து மூடி ஆறவிடுவார்கள். அப்புறம் மறுபடி விரிப்பார்கள். ஈரத்தை அளக்க அந்தப் பெண்களிடம் கருவி ஏது? இரண்டு நெல்லை உரித்துப் பல்லில் வைத்துக் கடிப்பார்கள். சத்தம் சொல்லிவிடும்.

அண்டாவுக்குள் என்ன நடக்கிறது? தயமின் என்கிற பி1 உயிர்ச்சத்து, அரிசியின் மேல்தோலான தவிட்டிலும் முளையிலும்தான் அதிகம் இருக்கிறது. அது தண்ணீரில் கரையும். ஊறும்போது கரைந்து, ஆவியில் வேகும்போது அரிசியின் உள்ளே போய்த் தங்கிவிடுகிறது. மாவுச்சத்தும் இளகி இறுகுகிறது. பிறகு தவிட்டைத் தீட்டித் தள்ளினாலும் சத்தில் ஒரு பங்கு அரிசியோடு நிற்கும். பச்சரிசியைத் தீட்டினால் தவிட்டோடு போயே போச்சு.

இதன் அருமை உலகத்துக்குத் தெரிந்தது காவிரிக்கரையில் இல்லை, மலேயாவில். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, தஞ்சை, திருச்சி ஜில்லாக்களிலிருந்து தோட்டக் கூலிகளாகப் போனார்களே, அந்த ஜனங்களால். அங்கே அப்போது பெரிபெரி நோய் ஆளைக் கொன்றுகொண்டிருந்தது. கால் வீங்கும், நரம்பு தளரும், கடைசியில் இதயம் நிற்கும். வெள்ளீயச் சுரங்கத்துச் சீனர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். பக்கத்திலேயே இருந்த தமிழர்களை நோய் ஏறக்குறையத் தொடவே இல்லை. பிராடன் என்ற ஆங்கில மருத்துவர் இதைக் கவனித்தார். சீனர் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த மில் வெள்ளை அரிசி, தமிழர் சாப்பிட்டது புழுங்கல். அரிசியில் ஏதோ விஷம் என்று அவர் நினைத்தார். காரணம் தவறு, குறைந்தது பி1; கண்டது சரி.

1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநல விடுதியில் பிளெட்சர் என்பவர் ஒரு சோதனை தொடங்கினார். விடுதியில் இருந்தவர்களில் ஒரு பாதிக்கு வெள்ளைப் பச்சரிசி, மறு பாதிக்குப் புழுங்கல். வெள்ளை அரிசிப் பக்கத்தில் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். புழுங்கல் பக்கத்தில் ஒரு சாவு இல்லை. இன்றைக்கு இப்படி ஒரு சோதனைக்கு அனுமதி கேட்டாலே ஜெயிலில் போடுவார்கள், போடவும் வேண்டும். ஜாவாவில் கோழிகளுக்குத் தீட்டிய அரிசி போட்டுப் பார்த்த எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. அண்டாவுக்கு அடியில் விறகு தள்ளிய கிழவிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பெருமைப்பட்டுக்கொண்டே போகாமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிழவிக்கு பி1 தெரியாது. நெல்லை அவித்தால் உமி சுலபமாகக் கழலும், அரிசி உடையாது, அதற்காக அவித்தாள். சத்து கூடவே வந்தது. பச்சரிசி சாப்பிட்ட வீடுகளும் அன்று தப்பித்தன. உரலில் உலக்கை போட்டால் தவிடு முழுவதும் போகாது. இயந்திர மில் வந்து அரிசியை முத்தாகத் தீட்டிக் கொடுத்த பிறகுதான் வம்பு. இதே சென்னை மாகாணத்தின் வடக்கே, தெலுங்குக் கரையோர மாவட்டங்களில், மில் பச்சரிசி சாப்பிட்டவர்களைப் பெரிபெரி வெகுகாலம் வாட்டியது.

அந்தப் புழுங்கலில் வடித்த பழைய சோற்றைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கு சுற்றுகிறது. 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராம் இரும்பு, இரவு முழுதும் தண்ணீரில் கிடந்தால் விடியும்போது 73.91 ஆகிவிடுமாம். ஐயா, பானைக்குள் இரும்பு எங்கிருந்து முளைக்கும்? நுண்ணுயிர் எதையும் புளிக்கவைக்கும், இரும்பை உண்டாக்காது. நடப்பது வேறு. தானியத்தில் பைட்டிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது, இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்புக்கு விடாது. புளிக்கும்போது அதன் பிடி தளர்கிறது; இருக்கிற இரும்பு உடம்பில் சேர வழி பிறக்கிறது. இட்லி மாவிலும் இந்த வேலை நடக்கிறது. பழைய சோற்றுக்கு இந்த உண்மையே போதும், பொய்க் கணக்கு எதற்கு?

பாரம்பரியம் என்றதும் பழைய நெல் பெயர்களை அடுக்குகிறோம். சரி, மண்ணச்சநல்லூர் பொன்னியை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளிடம் தாண்டினால் வரிசையாக மில்கள். ஊர்ப் பெயரே மூட்டைக்கு விளம்பரம். காவிரியின் பெயர் சூட்டிய அந்த வெள்ளைப் பொன்னி, மலேசியாவிலிருந்து வந்த மசூரி. தைவான் நெல்லையும் மலாய் நெல்லையும் ஒட்டுச் சேர்த்துப் பிறந்தது. நம் வேளாண் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்டது. விதை அக்கரையிலிருந்து வந்தது, அவிக்கிற வித்தை நம்முடையது. என்னைக் கேட்டால், காப்பாற்ற வேண்டிய சொத்து அந்த வித்தைதான். அதைத்தான் நாம் கெடுத்துக்கொண்டிருக்கிறோம். புழுங்கலும் மல்லிகைப் பூவாக வேண்டும் என்கிறோம். மில்காரர் தீட்டுகிறார், பிறகு மறுபடியும் தீட்டுகிறார். அவரைக் குறை சொல்லி என்ன? லேசாகப் பழுப்பேறிய மூட்டை அவர் கிடங்கிலேயே கிடக்கும்.

வேடிக்கை இனிமேல்தான். ரேஷனில் செறிவூட்டிய அரிசி கொடுக்கும் சோதனைத் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த மாவட்டம் எது தெரியுமா? நம் திருச்சி. இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து இயந்திரத்தில் பிடித்த அரிசிமணி, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்தார்கள். நம் ஜனங்கள் அதைப் பொறுக்கி எடுத்து, "பிளாஸ்டிக் அரிசி" என்று தூரப் போட்டார்கள். அந்த மணியை நான் பழிக்கமாட்டேன். பி12 எந்த நெல்லிலும் என்றைக்கும் இருந்ததில்லை, ரத்தசோகை நம் பெண்களை விட்டபாடில்லை. ஆனால் ஒரு கையால் தவிட்டைத் தள்ளி எண்ணெய் ஆலைக்கும் மாட்டுக்கும் அனுப்பிவிட்டு, மறு கையால் சத்தைக் கலந்தோமே, இதற்கு என்ன பெயர் வைப்பது?

சத்துக் குறைவு ஒரு பக்கம், சர்க்கரை இன்னொரு பக்கம். நாட்டில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் என்று 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொன்னது. புழுங்கல் சாப்பிட்டால் சர்க்கரை போய்விடும் என்று நான் சொல்லவில்லை. தட்டில் சோற்று மலை அப்படியே இருந்தால் எந்த அரிசியும் காப்பாற்றாது. நடவு நட்டவர் சாப்பிட்ட அளவை நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

மணி அடித்துவிட்டார்கள். ஒரு வேலை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறேன். அடுத்த முறை காந்தி மார்க்கெட்டில் அரிசி வாங்கும்போது கடைக்காரர் வெள்ளை வெளேர் என்று இருக்கும் மூட்டையைத்தான் முதலில் பிரிப்பார். "அண்ணே, இதைவிடத் தீட்டல் கம்மியா ஒண்ணு இருக்கா?" என்று கேளுங்கள். இல்லை என்பார். அடுத்த மாதமும் போய்க் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் மண்ணச்சநல்லூருக்குப் போன் போகும்.